அத்தியாயம் 4: எத்தனை கிலோவாட் போதும்?

காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு 1902 ஜூன் மாதம் மின்சாரம் வந்து சேர்ந்தது. சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். அன்றைய உலகில் அவ்வளவு தொலைவுக்கு மின்சாரம் கொண்டுபோன இடங்கள் மிகக் குறைவு. பெங்களூரு நகரத்துக்கே 1905-ல்தான் மின்விளக்கு வந்தது. சிவசமுத்திர மின்நிலையத்தைக் கட்டியவர்கள் அருவியின் முழு வேகத்தையும் முதல் நாளே பிடித்துவிட நினைக்கவில்லை. சுரங்கங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அதற்குத் தக்கபடி தொடங்கி, தேவை ஏற ஏற இயந்திரங்களைக் கூட்டினார்கள்.

உங்கள் வீட்டு மாடியில் சோலார் வைப்பதற்கும் அந்த வரிசையே சரி. முதலில் தேவை, அடுத்து கூரை, கடைசியில் பணம். கடைக்காரர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். “மானியம் மூன்று கிலோவாட் வரைக்கும் கிடைக்கும், அதனால் மூன்று கிலோவாட் போட்டுவிடலாம்” என்று பேச்சைத் தொடங்குகிறார்கள். மானியத்தின் உச்சவரம்பு உங்கள் வீட்டின் தேவை ஆகாது. மாதம் 90 யூனிட் செலவழிக்கும் வீட்டில் மூன்று கிலோவாட் வைத்தால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு மாடியில் சும்மா காய்ந்துகொண்டிருக்கும். இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்போது உங்கள் வீட்டுக்கான எண் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். அந்த எண் சில வீடுகளுக்குப் பூஜ்யமாகவும் இருக்கலாம். அதுவும் நல்ல பதில்தான்.

பன்னிரண்டு பில்கள்

ஒரு நோட்டும் பன்னிரண்டு மாத பெஸ்காம் மின் பில்களும் வேண்டும். பில்கள் கையில் இல்லையென்றால் ஆர்.ஆர். எண்ணைச் சொல்லி சப் டிவிஷன் ஆபீசில் கேட்கலாம். பெஸ்காமின் இணையதளத்திலும் பழைய பில்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பில்லிலும் மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: அந்த மாதம் செலவான யூனிட், சாங்ஷன் லோடு (வீட்டுக்கு அனுமதித்த மின்பளு), இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது. ரூபாயை இப்போதைக்குப் பார்க்க வேண்டாம். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அளவை முடிவு செய்வது யூனிட்டுகள்தான்.

பன்னிரண்டு மாத யூனிட்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அதுதான் உங்கள் மாதச் சராசரி. ஒரே ஒரு பில்லை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. தங்கவயலில் மார்ச் முதல் மே வரை மின்விசிறிகள் இரவு பகலாக ஓடும். டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் கீசர் ஓடும். இடைப்பட்ட மாதங்களில் செலவு இறங்கும். ஏப்ரல் பில்லை மட்டும் காட்டினால் பெரிய சோலாரும், நவம்பர் பில்லை மட்டும் காட்டினால் சிறிய சோலாரும் உங்கள் தலையில் வந்து விழும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் உறவினர்கள் சொல்லும் கணக்கையோ, தமிழ்நாட்டு வீடியோக்களில் வரும் கணக்கையோ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில். இங்கே மாதா மாதம். அங்கே “400 யூனிட் வீடு” என்றால் மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடு. இதைக் கவனிக்காமல் விட்டால் உங்கள் சோலார் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும்.

கிருஹ ஜோதி வாங்கும் வீடுகள்

கர்நாடக அரசின் கிருஹ ஜோதித் திட்டம் 2023 ஜூலை மாதப் பயன்பாட்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2022-23-ல் உங்கள் வீடு செலவழித்த மாதச் சராசரியோடு 10 சதவீதம் சேர்த்து உங்கள் வரம்பு நிர்ணயிக்கப்பட்டது. அதன் உச்சம் 200 யூனிட். வரம்புக்குள் இருந்தால் பில் பூஜ்யம். வரம்பைத் தாண்டி 200-க்குள் இருந்தால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டிய மாதத்தில் முழுப் பில்லையும் கட்ட வேண்டும்.

எந்தக் கடைக்காரரும் முதலில் பேச விரும்பாத விஷயம் இது. உங்கள் பில் ஏற்கெனவே பூஜ்யம் என்றால், சோலார் குறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சாம்பியன் ரீஃப்பிலோ மாரிக்குப்பத்திலோ ஒரு லைன் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து எல்.இ.டி. விளக்கு, இரண்டு மின்விசிறி, டிவி, மிக்சி, ஒரு சிறிய ஃபிரிட்ஜ். மாதம் 80, 90 யூனிட்டைத் தாண்டாது. அந்த வீட்டுக்காரர் சேர்த்த பணத்தைப் போட்டோ கடன் வாங்கியோ சோலார் வைத்தால், அது எந்தக் காலத்திலும் தன் விலையைத் திருப்பித் தராது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு பல குடும்பங்கள் எத்தனை சிரமத்தில் சேர்த்த பணம் அது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைத் தேவையில்லாத இடத்தில் முடக்காதீர்கள்.

சலுகை வாங்கும் வீட்டில் சோலார் வைத்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், நெட் மீட்டர் (கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துக் கணக்கிடும் மீட்டர்) மாட்டிய பிறகு கிருஹ ஜோதி எப்படிக் கணக்கிடப்படும் என்பதை பெஸ்காம் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

குறைத்துவிட்டு அளவெடுங்கள்

பேனல் வாங்கி யூனிட் உண்டாக்குவதைவிட, வீணாகும் யூனிட்டை நிறுத்துவது மலிவு. அளவெடுக்கும் முன் வீட்டுக்குள் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, மின்விசிறி. பழைய விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் மாதம் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மூன்று விசிறியை மாற்றினால் சுமார் 40 யூனிட். ஏறக்குறைய மூன்றில் ஒரு கிலோவாட் சோலார் தரும் மின்சாரத்துக்கு இது சமம்.

இரண்டாவது, வெந்நீர். இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நான்கு பேர் குளிக்கும் வீட்டில் மாதம் 40 யூனிட்டுக்குக் குறையாது. சூரிய ஒளியை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தை மறுபடியும் வெப்பமாக்குவது சுற்றுவழி. மாடியில் ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தால் அந்த வேலை நேராக முடிந்துவிடும். இடமும் பேனலுக்கு வேண்டியதைவிடக் குறைவு. கர்நாடகத்தில் இது புதிய விஷயமில்லை. 2007-லேயே புதிய வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கி அரசாணை வந்தது.

மூன்றாவது, மோட்டார். இந்த ஊரின் தண்ணீர்க் கஷ்டம் கரண்ட் பில்லிலும் தெரியும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். நீர்மட்டம் இறங்கிய கோடையில் அதே தொட்டியை நிரப்ப இரண்டு மடங்கு நேரம் ஓடும். ஃபுட் வால்வு கசிகிறதா, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஃப்ளோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் குறைப்பு மட்டுமே எவ்வளவு செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி வீடு. 2022-23-ல் சராசரி 150 யூனிட், அதனால் கிருஹ ஜோதி வரம்பு 165. பிறகு கீசரும் கூடுதல் விசிறிகளும் வந்து செலவு 240 யூனிட் ஆகிவிட்டது. 200-ஐத் தாண்டியதால் மாதா மாதம் முழுப் பில். இந்த வீட்டுக்கு இரண்டு கிலோவாட் சோலார் வைக்கச் சொல்வார்கள். ஆனால் விசிறிகளை மாற்றினால் 40, வாட்டர் ஹீட்டர் வைத்தால் 45, ஆக 85 யூனிட் குறையும். மீதி 155. வரம்புக்குள் வந்துவிட்டது, பில் பூஜ்யம். ஒரு பேனல்கூட வாங்காமல் காரியம் முடிந்தது.

ஒரு கிலோவாட் இங்கே எவ்வளவு தரும்

குறைத்த பிறகும் மாதம் 200 யூனிட்டுக்கு மேல் நிற்கும் வீடுகளும் சலுகை இல்லாத வீடுகளும் இனி சோலார் கணக்குக்குள் வரலாம்.

வெயில் விஷயத்தில் தங்கவயல் கொடுத்துவைத்த ஊர். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலான மேட்டுநிலம். வெளிச்சம் நிறைய, சூடு மிதம். பேனல்களுக்கு வேண்டியது வெளிச்சம்தான். பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அதனால் வேலூர் வெயிலைவிட இங்குள்ள மிதமான வெயில் பேனலுக்கு ஏற்றது.

நிழலில்லாத கூரையில், தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்த ஒரு கிலோவாட், ஆண்டுச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 120. மார்ச்சில் நாளைக்கு 5 யூனிட்டை நெருங்கும். மேகம் மூடிய ஜூலை, ஆகஸ்டில் 3.5 பக்கம் இறங்கும். “ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 5 யூனிட் நிச்சயம்” என்று யாராவது ஆண்டு முழுமைக்கும் உறுதி சொன்னால், அவர் மார்ச் மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்கிறார்.

இந்த 120-லும் தங்கவயலுக்கென்றே ஒரு கழிவு உண்டு. நூறாண்டுக்கு மேலாகத் தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய சயனைடு மேடுகள் சுரங்க வரிசை நெடுகிலும் நிற்கின்றன. காற்றுக்காலத்தில் அவற்றின் நுண்தூள் பறந்து வீடுகளின் மேல் படிவதை அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறையாக அனுபவித்து வருகின்றன. அதே தூள் பேனல் கண்ணாடியிலும் படியும். மேட்டுக்குக் காற்று வாக்கில் இருக்கும் வீடென்றால், கிலோவாட்டுக்கு மாதம் 110 யூனிட் என்று எடுத்துக் கணக்கிடுங்கள். காற்றுக்காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் கழுவுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படிவு நிற்கும். பிடித்து வைத்த மழைநீரோ குழாய்த் தண்ணீரோ நல்லது. கழுவ ஆள் ஏற முடியாத கூரையில் பேனல் வைக்காதீர்கள்.

கணக்கு

வாய்ப்பாடு இவ்வளவுதான்:

குறைத்த பிறகான மாதச் சராசரி யூனிட் ÷ 120 (தூசிப் பகுதியில் 110) = தேவையான கிலோவாட்

இந்த எண்ணை மேலே ஏற்றாமல், அதற்குச் சற்றுக் கீழேயோ ஒட்டியோ நில்லுங்கள். காரணம் நெட் மீட்டர் கணக்கில் இருக்கிறது. பகலில் உங்கள் பேனல் தருவதில் வீட்டுக்குப் போக மிஞ்சியது கம்பி வழியே பெஸ்காமுக்குப் போகும். இரவில் நீங்கள் எடுப்பதிலிருந்து அது கழியும். கழித்த பிறகும் மிஞ்சினால், அதற்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கும் விலை கிடைக்கும். அது நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவு. ஆகவே உங்கள் பில்லைக் கழிக்கும் யூனிட்டுக்கு மதிப்பு சுமார் 6 ரூபாய், அதற்கு மேல் மிஞ்சும் யூனிட்டுக்கு மதிப்பு அதைவிடக் குறைவு. மிஞ்சும் யூனிட்டுக்காகக் கடன் வாங்கிப் பேனல் சேர்ப்பது லாபமில்லை. கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை முடிக்கப்படுகிறது என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். மாதா மாதம் முடிந்தால், மார்ச்சில் மிஞ்சியது ஜூலைக்கு உதவாது.

விடியற்காலை மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் பெங்களூரு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் குடும்பங்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கிறதே, சோலார் வீண்தானே?” நெட் மீட்டர் இருந்தால் வீணில்லை. பகலில் கொடுத்தது இரவுக் கணக்கில் கழியும். ஆள் இருக்கும் நேரம் அளவை மாற்றாது. மாத யூனிட் மட்டுமே அளவை மாற்றும்.

இனி ஒரு முழுக் கணக்கு. ஆண்டர்சன்பேட்டையில் ஆறு பேர் கொண்ட இரண்டு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஒரு படுக்கையறையில் ஏ.சி., போர்வெல் மோட்டார், ஒரு மின்சார ஸ்கூட்டர். கிருஹ ஜோதி இல்லை.

பன்னிரண்டு மாதக் கூட்டல்: 4,320 யூனிட்
மாதச் சராசரி: 360 யூனிட்
விசிறி மாற்றத்தில் குறைவது: 40 யூனிட்
மீதி: 320 யூனிட்
320 ÷ 120 = 2.67 கிலோவாட்

பேனல்களை அரையாகவோ காலாகவோ வாங்க முடியாது. ஒரு பேனல் 540 வாட் என்றால், நான்கு பேனல் 2.16 கிலோவாட், மாதம் 259 யூனிட். ஐந்து பேனல் 2.7 கிலோவாட், மாதம் 324 யூனிட். ஆறு பேனல் 3.24 கிலோவாட், மாதம் 389 யூனிட். ஐந்து பேனலில் தூசியும் ஆண்டுத் தேய்மானமும் கழிந்தால் கையில் 300 யூனிட்டை ஒட்டி நிற்கும். இந்த வீட்டுக்கு ஐந்துதான் சரி. ஆறாவது பேனல் தருவது பெரும்பாலும் மலிவு விலைக்குப் போகும் மிச்சம்.

கூரையை அளப்பது

540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 2.3 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். பேனல் மட்டும் பிடிக்கும் இடம் 2.6 சதுர மீட்டர். நடக்கவும் கழுவவும் வழி விட்டால், ஒரு கிலோவாட்டுக்கு 8 முதல் 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 86 முதல் 108 சதுர அடி ஒதுக்குங்கள். முப்பதுக்கு நாற்பது சைட்டில் கட்டிய வீட்டின் மாடியில் மூன்று கிலோவாட்டுக்கு இடம் தாராளம். ஆனால் அந்த இடம் நிழலில்லாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தங்கவயல் 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பேனலைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்த்தால் போதும். நிழலைப் பார்க்க வேண்டிய மாதம் டிசம்பர். அப்போது சூரியன் தெற்கே இறங்கியிருக்கும். ஒரு மீட்டர் உயரமுள்ள சுவரின் நிழல் நண்பகலில் முக்கால் மீட்டர் வடக்கே விழும். காலை 9 மணிக்கு அதே சுவரின் நிழல் ஒன்றரை மீட்டருக்கு நீளும். ஆகவே பேனலுக்குத் தெற்கிலோ கிழக்கிலோ மேற்கிலோ சின்டெக்ஸ் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுச் சுவர் இருந்தால், பேனலைவிட அது எவ்வளவு உயரமோ அதன் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளியிருக்க வேண்டும். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு நடுவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாயும். அதனால் வடக்குப் பக்கம் பேனலை ஒட்டி நிற்கும் உயர்ந்த சுவரும் அந்த மாதங்களில் கொஞ்சம் நிழல் தரும்.

நிழலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருப்பதால், ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல் வரிசை முழுவதின் விளைச்சலையும் இழுத்துவிடும். ஆறு பேனலுக்கு இடமிருந்தும் ஒன்றில் நிழல் விழுகிறது என்றால், ஐந்து வைப்பதே மேல்.

ஓட்டு வீடு, சிமெண்ட் ஷீட் வீடு, தகர ஷீட் வீடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு பேனல் 30 கிலோ பக்கம் வரும். சட்டத்தோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 15 கிலோ அளவுக்குப் பாரம். காற்று தூக்கும் விசை வேறு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளையிடவே கூடாது. அது உடையும், தூளும் நுரையீரலுக்குக் கேடு. அங்கே சுவரிலோ தரையிலோ ஊன்றிய இரும்புக் கால்களின் மேல் தனிச் சட்டம் கட்ட வேண்டும், அதற்கான செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுரங்கத்தை ஒட்டிய பழைய வீடுகளில் ராக் பர்ஸ்ட் (சுரங்கப் பாறை வெடிப்பு) அதிர்வுகளால் சுவரில் வெடிப்பு இருந்தால், பாரம் ஏற்றும் முன் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

பழைய சுரங்க நிறுவனத்தின் குடியிருப்புகளில் வசிப்போர், வீட்டின் உரிமைப் பத்திரமும் மின் இணைப்பும் யார் பெயரில் என்பதை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். மத்திய அரசின் மானியத்துக்குச் சொந்தக் கூரையும் செல்லுபடியான மின் இணைப்பும் தேவை.

சாங்ஷன் லோடும் இன்வெர்ட்டரும்

பில்லில் எழுதிக்கொண்ட சாங்ஷன் லோடு இப்போது வேலைக்கு வரும். அது 2 கிலோவாட் என்றிருக்க நீங்கள் 3 கிலோவாட் சோலார் கேட்டால், லோடை உயர்த்த வேண்டி வரும். 2024-ல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. லோடை உயர்த்துவதும் மின் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் உயர்ந்த லோடுக்கு மாதா மாதம் நிலைக்கட்டணம் உண்டு. ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நூறு ரூபாய்க்கு மேல் வரும், நீங்கள் ஒரு யூனிட்கூட எடுக்காத மாதத்திலும் வரும். “பில் பூஜ்யமாகிவிடும்” என்ற விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. 2 கிலோவாட் லோடு உள்ள வீட்டில் கணக்கு 2.2 என்று வந்தால், மூன்று பேனலோடு நிறுத்துவதா, லோடை உயர்த்தி நான்காவதைச் சேர்ப்பதா என்பதை இந்தக் கட்டணத்தையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

இன்வெர்ட்டரின் அளவு பேனல்களின் மொத்த அளவை ஒட்டியிருந்தால் போதும். சூடு, தூசி, கம்பி இழப்பு எல்லாம் போக 3.24 கிலோவாட் பேனல்கள் முழுத் திறனை எட்டும் நேரம் ஆண்டில் மிகக் குறைவு. 3 கிலோவாட் இன்வெர்ட்டர் அதைத் தாங்கும். 5 கிலோவாட் வரை சிங்கிள் ஃபேஸ் இணைப்பே போதும். அதற்கு மேல் போனால்தான் மூன்று ஃபேஸ் தேவைப்படும். சராசரிக் குடும்பம் எதற்கும் அந்த எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை.

மின்வெட்டும் பேட்டரியும்

கரண்ட் போனால் சாதாரண ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும், நடுப்பகல் வெயிலிலும்கூட. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு ஏமாந்தவர்கள் பலர்.

பேட்டரியின் அளவுக்கும் பேனலின் அளவுக்கும் தனித்தனிக் கணக்கு. மின்வெட்டில் உண்மையில் எது ஓட வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். மூன்று பி.எல்.டி.சி. விசிறி 90 வாட், ஐந்து விளக்கு 45, டிவி 80, வைஃபை 10. மொத்தம் 225 வாட். நான்கு மணி நேரத்துக்கு 0.9 யூனிட். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று ஏறக்குறைய இவ்வளவைத் தரும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டர்-பேட்டரியே இதற்குப் போதும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு விலை உயர்ந்த ஹைபிரிட் வாங்கும் முன், உங்கள் தெருவில் மாதத்தில் எத்தனை மணி நேரம் மின்வெட்டு என்று குறித்துப் பாருங்கள். மானியம் பேனலுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது.

மானியமும் பணமும்

பி.எம். சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மூன்றும் அதற்கு மேலும் மொத்தம் 78,000. பேனல் அளவு, இன்வெர்ட்டர் அளவு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். உள்நாட்டில் செய்த செல்களைக் கொண்ட பேனலாகவும், திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம் பொருத்தியதாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பம் தேசிய இணையதளத்தில். மானியம் வேலை முடிந்து சரிபார்த்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகைக்கும் முதலில் நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். பிணையில்லாக் கடன் வங்கிகளில் கிடைக்கிறது.

ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்குத் திரும்புவோம். கிலோவாட்டுக்கு 65,000 ரூபாய் என்று வைத்தால் 2.7 கிலோவாட்டின் விலை 1,75,500. மானியம் 60,000-மும் 12,600-மும் சேர்ந்து 72,600. கையிலிருந்து போவது 1,02,900. மாதம் 300 யூனிட், யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் மாதம் 1,800 மிச்சம். ஐந்து ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். பேனல்களின் உத்தரவாதம் 25 ஆண்டு வரை வரும். ஆறாவது பேனலைச் சேர்த்தால் விலை 35,000 ரூபாய் கூடும், மானியம் கூடுவது 5,400 மட்டும். அது தரும் 65 யூனிட்டில் பெரும்பகுதி மிச்சக் கணக்குக்கே போகும். அளவைச் சரியாக எடுப்பதில் இருக்கும் லாபம் இதுதான்.

நாளைய தேவை

இரண்டு ஆண்டுக்குள் நிச்சயமாக வரப்போகும் தேவைகளை மட்டும் இப்போதே சேருங்கள். மின்சார ஸ்கூட்டர் ஒருமுறை முழுச் சார்ஜ் ஆக 3 அல்லது 4 யூனிட் எடுக்கும். தினமும் ஓட்டினால் மாதம் 60 முதல் 100 யூனிட் கூடும். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் எடுக்கும், ஆனால் தங்கவயலில் அது ஓடுவது ஆண்டில் சில மாதங்கள்தான். மகளுக்குக் கல்யாணமாகி அவர் வேறு ஊருக்குப் போகிறார், மகன் பெங்களூரில் வீடு பார்க்கிறார் என்றால் செலவு குறையும். அதையும் கழியுங்கள். நிச்சயமில்லாத தேவைக்குப் பேனல் வாங்க வேண்டாம். அதற்குப் பதில், பின்னால் இரண்டு பேனல் சேர்க்கும்படி கூரையில் இடமும் இன்வெர்ட்டரில் கொஞ்சம் கொள்ளளவும் விட்டு வையுங்கள். தேவை வந்தபின் சேர்க்க முடியுமா என்பதை மட்டும் நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள்.

கையெழுத்துக்கு முன்

ஒரு தாளில் இந்த ஏழு வரிகளையும் நிரப்புங்கள்:

1. பன்னிரண்டு மாதச் சராசரி யூனிட்
2. விசிறி, வெந்நீர், மோட்டார் குறைப்புக்குப் பிறகான யூனிட்
3. கிருஹ ஜோதி வரம்பு, அதற்குள் வந்துவிட்டதா
4. 120-ஆல் (அல்லது 110-ஆல்) வகுத்துக் கிடைத்த கிலோவாட்
5. நிழலில்லாத கூரையில் பிடிக்கும் பேனல்களின் எண்ணிக்கை, அவற்றின் மொத்தக் கிலோவாட்
6. சாங்ஷன் லோடு
7. இரண்டு ஆண்டுக்குள் நிச்சயமாகக் கூடும் அல்லது குறையும் யூனிட்

மூன்றாவது வரிக்கு “ஆம்” என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், செலவு மிச்சம். இல்லையென்றால் ஏழாவது வரியின்படி நான்காவது வரியைத் திருத்திக்கொண்டு, அதையும் ஐந்தாவது வரியையும் பாருங்கள். இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் அளவு. அந்தத் தாளோடு குறைந்தது மூன்று பதிவு பெற்ற நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். மூவரிடமும் ஒரே கிலோவாட்டுக்கு, ஒரே பேனல் வகைக்குக் கேட்டால்தான் விலைகளை ஒப்பிட முடியும். உங்கள் எண்ணைவிடப் பெரிய எண்ணை யாராவது சொன்னால், கூடுதல் கிலோவாட் எந்த மாதம், எந்தப் பில்லில், எத்தனை ரூபாயைக் குறைக்கும் என்று கேட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதித் தரும் கணக்கு உங்கள் பன்னிரண்டு பில்களோடு பொருந்தினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.